வெள்ளிக்கிழமைக்கு ஒரு ஐயர்

எங்கள் ஐயர் ஊருக்குத் திரும்பிய பிறகுதான், அஜ்மானில் எத்தனை பேர் பிரசங்க ஆசையை மனதுக்குள் அடக்கி வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியவந்தது. ஐயர் என்று நான் சொல்வது பாதிரியாரை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தில் ஆங்கிலிக்கன் வழியில் வந்த கிறிஸ்தவர்களுக்குக் குருவானவர்தான் ஐயர், அவர் மனைவி ஐயரம்மா, சர்ச்சு என்பது கோயில். அமீரகத்துக்கு வந்து இத்தனை காலம் ஆகியும் இந்த மூன்று சொற்களை நாங்கள் விடவில்லை. "நாளைக்கு ஐயருக்கு மட்டன் குழம்பு வைக்கணும்" என்று ஒருமுறை பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் நான் சொல்லிவிட, பக்கத்தில் இருந்த கும்பகோணத்து டீச்சர் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

அஜ்மான், ராஸ் அல் கைமா, புஜைரா என்று மூன்று ஊர்களில் எங்களுக்கு மூன்று சபைகள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஐயர். ஊரில் பேராயரின் கீழ் இருக்கும் திருமண்டலம் ஆளை அனுப்பும், விசாவும் வீடும் எங்கள் பொறுப்பு. அஜ்மான்தான் பெரியது. வாடகை குறைவு என்று இங்கே குடியிருந்துகொண்டு துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் வேலைக்கு ஓடுகிற குடும்பங்கள். ராஸ் அல் கைமாவில் நர்சுகளும் டைல்ஸ் கம்பெனிக்காரர்களும். புஜைரா சபை சின்னது. மலையைப் பொடித்து ஜல்லியாக்கும் கிரஷர்களில் வேலை பார்ப்பவர்கள்தான் அதில் பாதிக்கு மேல். ஊரில் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தாலும் இங்கே கேம்ப்பில் தங்கியிருப்பதால் அவர்களுக்குப் பெயர் பேச்சிலர்.

இதில் கிழமையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நாங்கள் வந்த காலத்தில் வளைகுடாவில் லீவு என்றால் வெள்ளிக்கிழமை. ஆகவே எங்கள் ஞாயிறு ஆராதனையே வெள்ளிக்கிழமைதான் நடக்கும். பெரிய வெள்ளி, சின்ன வெள்ளி என்ற பேதமில்லாமல் எல்லாம் வெள்ளிதான். சில வருடங்களுக்கு முன் அரசாங்கம் வார விடுமுறையைச் சனி, ஞாயிறு என்று மாற்றியது. அஜ்மானும் ராஸ் அல் கைமாவும் மறு மாதமே ஞாயிற்றுக்கிழமைக்குத் தாவிவிட்டன. முதல் ஞாயிறு நான் புதுச்சேலை கட்டிக்கொண்டு போனேன், ஊர்க் கோயிலுக்குப் போவதுபோல அவ்வளவு சந்தோஷம். ஆனால் கிரஷர் கம்பெனிகள் மாறவில்லை. அவர்களுக்கு இன்றைக்கும் வெள்ளி ஒன்றுதான் லீவு. பழைய ஐயர் அதற்கு மூச்சுக் காட்டாமல் வெள்ளிக்கிழமை மத்தியானம் தன்னுடைய பழைய காரை எடுத்துக்கொண்டு மலை தாண்டிப் புஜைராவுக்குப் போய்விடுவார். பல வெள்ளிகளில் நானும் கூடப் போயிருக்கிறேன். கல்யாணமாகி வந்த புதிதில் நாங்கள் குடியிருந்தது புஜைராவில். என் மூத்தவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது அந்தச் சபையில். அந்தப் பாசம் எனக்கு விடாது.

புஜைரா சபையை நடத்துவது ஒரு அண்ணாச்சி. கிரஷரில் மெக்கானிக். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். பேச்சு குறைவு, கண்டிப்பு அதிகம். கோயிலில் போன் அடித்தால் அவருக்கு ஆகவே ஆகாது. பிஸ்கட் வந்த நீல நிறத் தகர டப்பா ஒன்றை வாசலில் பிடித்துக்கொண்டு நிற்பார். உள்ளே வருகிறவர்கள் பூட்ஸைக் கழற்றி வெளியே விட வேண்டும், போனை அந்த டப்பாவில் போட வேண்டும். ஐயருடைய போனும் அதில்தான். ஒருமுறை என் போனைக் கொடுக்க மறுத்து, "சைலன்ட்ல இருக்கு அண்ணாச்சி" என்றேன். "டப்பாவுலயும் அது சைலன்டாத்தான் இருக்கும் டீச்சர்" என்றார். கொடுத்துவிட்டேன்.

ஐயர் இல்லாத காலத்துக்கு வருகிறேன். அவருடைய தவணை முடிந்து திருமண்டலம் திரும்ப அழைத்துக்கொண்டது. அடுத்தவர் வரும்வரை சபை ஜெபத்தை நாங்களே நடத்திக்கொள்ளலாம், பிரசங்கமும் செய்யலாம். திருவிருந்து மட்டும் முடியாது. அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் ஆசீர்வதித்துக் கொடுக்க அபிஷேகம் பெற்ற ஐயர்தான் வேண்டும். ஆகவே மேடை காலியாக இருந்தது, ஆட்கள் வரிசையாக ஏறினார்கள். எங்கள் பொருளாளர் இன்சூரன்ஸ் வேலை பார்ப்பவர். அவர் பேசிய அன்று நோவாவின் பேழையை மூன்றாம் நபர் பாலிசியோடு ஒப்பிட்டார். இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு பேச ஆரம்பித்தார், நாங்களும் மூடிக்கொண்டோம். எங்களுக்கு ஒதுக்கிய நேரம் முடிந்து அடுத்த ஆராதனைக்குத் தெலுங்குக்காரர்கள் வாசலில் வந்து நின்ற பிறகுதான் அவர் கண்ணைத் திறந்தார். கோயில் வளாகத்தில் ஒரே மண்டபத்தை ஏழெட்டு மொழிக்காரர்கள் மணிக்கணக்கில் பங்கிட்டுக்கொள்கிறோம். கொடுத்த நேரத்தில் வெளியே வருவது எங்களுக்கெல்லாம் பதினோராவது கட்டளை.

எப்படிப்பட்ட ஐயர் வேண்டும் என்று திருமண்டலம் கேட்டிருந்தது. அதற்காக மூன்று சபைகளின் கமிட்டியும் அஜ்மானில் கூடியது. பெண்கள் சங்கத்தின் சார்பில் நானும் இருந்தேன். அஜ்மான் தாய்மார்களுக்கு இங்கிலீஷ் சரளமாகப் பேசுகிற ஐயர் வேண்டும், ஏனென்றால் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பிரசங்கம் ஏறவில்லை. ராஸ் அல் கைமாக்காரர்களுக்குச் சாரீரம் முக்கியம், ஆராதனை முறையை ராகத்தோடு பாட வேண்டும். ஒருவர் ஐயரம்மாவுக்குக் கீபோர்டு வாசிக்கத் தெரிந்திருந்தால் நல்லது என்றார். பிரசங்கம் சின்னதாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் மூன்று ஊரும் ஒற்றுமை. கடைசியில் கமிட்டிச் செயலர் புஜைராவைப் பார்த்து, "அண்ணாச்சி, உங்களுக்கு?" என்றார்.

"வெள்ளிக்கிழம வரணும்" என்றார் அண்ணாச்சி.

"அது சரி, வேற?"

"வேற ஒண்ணுமில்ல. வெள்ளிக்கிழம வரணும்."

செயலர் கெட்ட மனிதர் அல்ல. துபாயில் ஒரு பெரிய கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர். எதுவும் ஒழுங்காக, வரிசையாக, கட்டத்துக்குள் இருக்க வேண்டும் அவருக்கு. புது ஐயருக்கு ஞாயிறு காலை அஜ்மான், மாலை ராஸ் அல் கைமா, வெள்ளி ஓய்வு நாள் என்று அவர் ஏற்கனவே முடிவு செய்து வைத்திருந்தார். "ஐயரும் மனுஷன்தானே, வாரத்துக்கு ஒரு நாள் ரெஸ்ட் வேண்டாமா?" என்றார். புஜைரா ஆட்களை மாதம் ஒரு ஞாயிறு பஸ் வைத்து அஜ்மானுக்கு அழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம்.

"ஞாயித்துக்கிழம எங்களுக்கு டூட்டி சார்" என்றார் அண்ணாச்சி.

"ஒரு நாள் லீவு போட்டுட்டு வரட்டுமே."

 கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து நின்றார். "என் விசா இந்த வருசத்தோட முடியுது டீச்சர். கம்பெனில இனி புதுப்பிக்க மாட்டோம்னு சொல்லிட்டாவ. நான் போயிட்டா பயலுவ வெள்ளிக்கிழம துணி தொவச்சிட்டு, போனப் பாத்துட்டுப் படுத்துருவானுவ. அதுக்கு முன்னால இத ஒண்ண முடிச்சு வச்சிட்டுப் போகணும்" என்றார்.  முடித்து வைத்துவிடலாம் அண்ணாச்சி என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

முதலில் வீடியோவில் பேசிய ஐயருக்கு இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. அஜ்மான் தாய்மார்கள் மயங்கிப்போனார்கள். நாங்கள் கூட்டம் போட்டுத் தேநீர் குடித்து முடிவெடுப்பதற்குள் தோஹா சபைக்காரர்கள் அவரைக் கொத்திக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்தவர் நாற்பத்தைந்து வயதுக்காரர், கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டில் சின்னச் சின்னக் கிராமச் சபைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடியோவில் அதிகம் பேசவில்லை. நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொல்வேன் என்றார். நாங்களும் அவரைப் பார்த்தது போல இருக்கும் என்று விசிட் விசாவில் வரவழைத்தோம். செயலர் டிக்கெட் போட்டார், சனிக்கிழமை வந்து இறங்கி வியாழக்கிழமை திரும்புவது மாதிரி.

கமிட்டி வாட்ஸ்அப்பில் அந்தப் பயண நிரல் வந்தபோது எல்லோரும் கை கூப்பும் படம் போட்டோம், நானும்தான். ஐயர் வருகிறார் என்ற சந்தோஷத்தில் வேறொன்றும் கண்ணில் படவில்லை. அண்ணாச்சி போன் பண்ணிய பிறகுதான் தெரிந்தது.

"டீச்சர், சனிக்கிழம வந்து வியாழக்கிழம போறாவளாமே. நடுவுல வெள்ளியே இல்லயே."

நான் காலண்டரைப் பார்த்தேன். இல்லைதான். வளைகுடாவுக்கு வரும் ஐயருடைய பயணத்தில் வெள்ளிக்கிழமை இல்லை. பாதி ஆயுளை வெள்ளிக்கிழமைக் கோயிலுக்குப் போயே கழித்தவர்கள் நாங்கள். சில வருடங்களுக்குள் எங்களில் ஒருவருக்குக்கூட அந்தக் கிழமை ஞாபகத்தில் வரவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. செயலரைக் கூப்பிட்டேன். டிக்கெட்டை மாற்ற முடியாது, ஐயர் அந்த வெள்ளிக்கிழமை தன் ஊரில் ஒரு கல்யாணம் நடத்தி வைக்க வேண்டும் என்றார். பாவம், அவருக்கும் குரல் இறங்கித்தான் இருந்தது. இருந்தாலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "வேணும்னா புஜைராக்காரங்க வீடியோவில பாத்துக்கட்டும் டீச்சர்" என்றார்.

"ஐயர வீடியோவில பாத்துக்கிடலாம் சார். திருவிருந்த எதுல வாங்குவாங்க?" என்று கேட்டு வைத்துவிட்டேன்.

ஐயர் வந்தார். ஒல்லியான மனிதர், அதிர்ந்து பேசாதவர். ஞாயிறு காலை அஜ்மானில் பிரசங்கம் செய்தார். சின்னப் பிரசங்கம், அதற்கே பாதிப் பேர் விழுந்துவிட்டார்கள். ஆனால் பிள்ளைகளிடம் இங்கிலீஷில் பேசியபோது ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல இறைத்தார். மாலை ராஸ் அல் கைமாவில் பாடினார். அங்கே சாரீரம் கேட்டவர்களின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்த்தால் சிரித்துவிடுவேன் என்று பாட்டுப் புத்தகத்தில் முகத்தை மறைத்துக்கொண்டேன். மனிதருக்குச் சுருதி வடக்கே போனால் குரல் தெற்கே போனது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வீடு வீடாகச் சாப்பாடு. பிரியாணிக்கு மேல் பிரியாணி வைத்ததில் அவர் கொஞ்சம் கொறித்துவிட்டு எழுந்தது மூன்று வீடுகளில் மனத்தாங்கலாகிவிட்டது.

புதன்கிழமை மாலை அவரைப் புஜைராவுக்கு நான் அழைத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு செய்தேன். அண்ணாச்சி போர்மேன் கையைக் காலைப் பிடித்து, ஆட்களை ஒரு மணி நேரம் முன்னதாக விடச் சொல்லி வாங்கியிருந்தார். புஜைரா கோயில் வளாகத்தில் மாடியிலிருக்கும் சின்ன அறையை ஒரு மணி நேரத்துக்குக் கெஞ்சி வாங்கினேன். எங்களுக்குப் பின்னால் மலையாளிகளின் ஜெபக் கூட்டம். அப்பமும் ரசமும் அஜ்மானிலிருந்து எடுத்துக்கொண்டேன். பள்ளி விட்டு நேராகக் கிளம்பிவிட்டோம். வண்டி ஓட்டியது நான். ஐயர் பக்கத்தில். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த என் வீட்டுக்காரர் பின் சீட்டில் குறட்டை. ஜல்லி லாரிகள் வரிசையாக எதிரே வந்துகொண்டிருந்தன. ஐயர் மலையையே பார்த்துக்கொண்டு வந்தார். எங்கோ பாதி வெட்டப்பட்ட மலையைக் காட்டி, "இங்கதான் அவங்க வேலையா?" என்று கேட்டார். ஆமா ஐயா என்றேன். 

போய்ச் சேர்ந்தால் அறையில் ஒருவரும் இல்லை. நாற்காலிகள் மட்டும் இருந்தன. போன் வந்தது.

"டீச்சர், கிரஷர்ல பெல்ட் அத்துட்டு. மாட்டாம போர்மேன் விட மாட்டேங்கான். நான்தான் மாட்டணும். மாட்டிட்டு ஓடியாந்துருவோம்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் என் வீட்டுக்காரரைத் திட்டினேன். அவர் பழக்கப்பட்டவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐயரிடம் விஷயத்தைச் சொன்னேன். கொடுத்திருப்பது ஒரு மணி நேரம், அவர்கள் வருவதற்குள் முடிந்துவிடும், மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா என்றேன்.

"நாம மூணு பேர் இருக்கோம்லா, ஆரம்பிச்சிருவோம்" என்றார் ஐயர். "நடுவுல வந்தாலும் சேந்துக்கிடலாம். ஆரம்பிக்கலேன்னா எதுல வந்து சேருவாங்க?"

அங்கி மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார். பாமாலைப் பாட்டுப் புத்தகத்தில் எங்களிடம் இருப்பதிலேயே நீளமான பாட்டைத் தேடி எடுத்தார். ஊரில் இரண்டு சரணத்தோடு விட்டுவிடுகிற பாட்டு. ஒரு சரணம் விடவில்லை. அவர் ஒரு சுருதி, நான் ஒரு சுருதி, என் வீட்டுக்காரர் உதட்டை மட்டும் அசைத்தார். வேதாகமத்தில் இருப்பதிலேயே நெடிய சங்கீதத்தைத் திறந்து, வசனம் வசனமாக மாற்றி மாற்றி வாசிக்கச் சொன்னார். வேத பாடத்தை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மனிதர் நேரத்தை இழுக்கிறார். திருவிருந்துப் பகுதி ஆராதனையின் பின்பாதியில் வரும். அதற்குப் போய்ச் சேராமல் முன்பாதியிலேயே எங்களை நடத்திக்கொண்டிருந்தார். சின்னப் பிரசங்கக்காரர் அன்றைக்கு நாற்காலிகளுக்குப் பிரசங்கம் செய்தார், சின்னதாக இல்லை.

எங்கள் நேரம் முடிந்துவிட்டது. வாசலில் மலையாளிகள் வந்து நின்றார்கள். முன்னால் வெள்ளை முண்டு உடுத்திய ஒரு வயதான அம்மா. நான் எழுந்து போய்க் கையைப் பிசைந்துகொண்டு, கிரஷர் ஆட்கள், பெல்ட், ஐந்து மாதமாகத் திருவிருந்து இல்லை என்று தமிழும் மலையாளமும் இங்கிலீஷும் கலந்து சொன்னேன். நேரத்துக்கு வெளியே வராதவர்களை இந்த ஊர்க் கோயில்களில் யாரும் லேசில் மன்னிப்பதில்லை. அந்த அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஐயரைப் பார்த்தார்.

"சாரமில்லா மோளே. ஞங்ஙளும் இரிக்காம்" என்றார். பரவாயில்லை மகளே, நாங்களும் கூட இருக்கிறோம் என்று அர்த்தம். சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். பின்னாலேயே அவருடைய ஆட்களும் வந்தார்கள். அடுத்த பாட்டின் ராகம் அவர்களுக்கும் தெரிந்த ராகம். அவர்கள் மலையாளத்தில் பாடினார்கள். அத்தனை குரலுக்கு நடுவில் ஐயருடைய சுருதி யாருக்கும் கேட்கவில்லை, அது கர்த்தருடைய கிருபை.

பாட்டு முடியும்போது மாடிப்படியில் பூட்ஸ் சத்தம். அண்ணாச்சியும் ஆட்களும் வேலை உடுப்போடு வந்தார்கள். புருவம், காது மடல் எல்லாம் கல்பொடி. அவ்வளவு அவசரத்திலும் அண்ணாச்சி சட்டைக்குள்ளிருந்து நீல டப்பாவை எடுத்து வாசலில் நின்றுகொண்டார். போன்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. மலையாளத்து அம்மாவும் தன் போனைப் போட்டார். பிறகு ஐயர் திருவிருந்தை நடத்தினார். அப்பத்தை வாங்க நீட்டிய கைகளில் கிரீஸ் போகாமல் இருந்தது. நான் அதற்கு முன் எத்தனையோ பண்டிகைக்குத் திருவிருந்து எடுத்திருக்கிறேன். அன்றைக்குப் போல எனக்குக் கண் கலங்கியதில்லை, சொல்வதற்கு வெட்கமும் இல்லை.

முடிந்ததும் அண்ணாச்சி சுற்றி வளைக்காமல் கேட்டார். "வெள்ளிக்கிழம வருவீங்களாய்யா?"

"பாப்போம் அண்ணாச்சி" என்றார் ஐயர்.

கீழே வண்டி வரைக்கும் வந்த அண்ணாச்சி என் பக்கத்து ஜன்னலில் குனிந்தார். "பாப்போம்னா வரலன்னு அர்த்தம் டீச்சர். லீவு கேட்டா மேனேசரு அப்படித்தான் சொல்லுவான். இருக்கட்டும், இன்னைக்கு ஒரு நாளு கெடச்சது" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். திரும்பும் வழி முழுக்க நான் ஐயரோடு பேசவில்லை. கோபத்தில் கியர் இல்லாத வண்டியில் கியரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விமான நிலையத்துக்குச் செயலரும் வந்திருந்தார். ஐயர் பெட்டியை வைத்துவிட்டு அவரிடம் பேசினார். "எனக்கு வர்றதுக்குச் சம்மதம் சார். ஓய்வு நாள மட்டும் திங்கக்கிழமைக்கு மாத்திருங்க. வெள்ளி எனக்குப் புஜைராவுக்கு வேணும்."

செயலர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"நேத்தே இத அண்ணாச்சிகிட்ட சொல்லியிருக்கலாமே ஐயா" என்று கேட்டுவிட்டேன். என்னால் அடக்க முடியவில்லை.

"உங்க சார்கிட்ட கேக்காம நான் எப்படிம்மா வாக்குக் கொடுக்க?" என்றார் ஐயர். "அவர் மாட்டேன்னு சொல்லியிருந்தா, நான் ஏமாத்துனவனா ஆயிருவேன்லா."

செயலர் கொஞ்ச நேரம் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். கட்டம் கலைகிறதே என்று அவர் மனது அடித்துக்கொண்டிருக்கும். பிறகு, "திங்கள் நல்ல நாள்தான் ஐயா, ரோட்டில டிராபிக் இருக்கும், வீட்டிலயே இருக்கலாம்" என்றார். அவர் சம்மதம் சொல்கிற விதம் அதுதான். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. மரியாதைக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். அண்ணாச்சிக்குப் போன் போட்டுச் சொன்னபோது அந்தப் பக்கம் கிரஷர் சத்தம் மட்டும் கேட்டது. இன்னொரு தடவை சொல்லுங்க என்றார். சொன்னேன். இன்னொரு தடவையும் சொன்னேன்.

ஐயருக்கு விசா வருவதற்கு இழுத்தது. திருமண்டலத்திலிருந்து ஒரு தாள் வரும், இங்கே வேறொரு தாள் கேட்பார்கள். அதற்குள் அண்ணாச்சியின் விசா முடிந்துவிட்டது. புறப்படும் அன்று நானும் என் வீட்டுக்காரரும் விமான நிலையத்துக்குப் போயிருந்தோம். பெரிய பெட்டி எல்லாம் இல்லை, கயிறு கட்டிய அட்டைப் பெட்டி ஒன்று, தோள்பை ஒன்று. பையிலிருந்து நீல டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார். "பயலுவ ஏமாத்துவானுவ டீச்சர். சைலன்ட்ல இருக்கும்பானுவ. விட்றாதீய" என்றார். முதல் வெள்ளியை அவர் பார்க்காமல் போகிறாரே என்று எனக்கு ஆறவில்லை. அதைச் சொன்னேன். "நான் பாக்கதுக்கா கேட்டேன்?" என்றார். ஆனால் உள்ளே போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

ஐயர் ஒருவழியாக வந்து சேர்ந்தார். கார் ஓட்ட இந்த ஊர் லைசென்ஸ் இல்லை, எடுக்கும்வரை என் வண்டிதான். முதல் வெள்ளிக்கிழமை மாலை புஜைராவுக்குப் போனோம். கிரஷர் ஆட்கள் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் முன்னதாகவே வந்து நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்குப் போன அண்ணாச்சி போனில் ஒவ்வொருவனையும் முடுக்கிவிட்டிருந்தார் என்று பிறகு சொன்னார்கள். நான் டப்பாவோடு வாசலில் நின்றேன். சைலன்ட்ல இருக்கு டீச்சர் என்று ஒருவன் சொன்னான். டப்பாவிலும் அது சைலன்டாகத்தான் இருக்கும் என்றேன். ஐயர் தன் போனைக் கேட்பதற்கு முன்பே போட்டார்.

எல்லோரும் உள்ளே போன பிறகு என் கையிலிருந்த என் போன் அதிர்ந்தது. அண்ணாச்சி.

"டீச்சர், ஐயர் வந்துட்டாவளா?"

"வந்துட்டாங்க அண்ணாச்சி. அங்கி போட்டுட்டு நிக்காங்க."

"பயலுவ?"

"எல்லாரும் இருக்காங்க."

அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது. பின்னால் ஒரு பஸ் ஹாரன், எங்கோ கடைத்தெருவில் நிற்கிறார் போல. உள்ளே ஐயர் பாட்டை எடுத்துக் கொடுத்தார். அதே நீளமான பாட்டு, அதே தவறின சுருதி. ஆட்கள் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு பாடினார்கள். நான் போனைக் கதவுப் பக்கமாகத் திருப்பிப் பிடித்தேன்.

"ஆரம்பிச்சிட்டாவளா? அப்ப வைங்க டீச்சர், வைங்க" என்றார் அண்ணாச்சி அவசரமாக. "கோயில்ல போன் பேசக்கூடாது."

சரி அண்ணாச்சி என்றேன். என்னை வைக்கச் சொன்னவர், தான் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. போனை அணைக்காமல் மற்ற போன்களோடு டப்பாவில் போட்டு, மூடாமல் கதவை ஒட்டி வைத்துவிட்டு, உள்ளே போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து இரண்டாம் சரணத்தில் சேர்ந்துகொண்டேன்.